என்ன செய்தான் என்று சொல்லுங்கள்

பெங்களூரில் இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கும் எனக்குச் சம்பளமில்லாத உபதொழில் ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கங்களிலிருந்து சொந்தக்காரர்களும், சொந்தக்காரர்களின் அண்டை வீட்டாரும் வைத்தியத்துக்காக வந்து இறங்குவார்கள். நெஞ்சுவலிக்கு ஒரு மருத்துவமனை, சிறுநீரகத்துக்கு இன்னொன்று, தலை சம்பந்தப்பட்ட எதற்கும் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வருகிறவர்களுக்குத் தெரிந்தது தமிழ். சீட்டில் எழுதியிருப்பது ஆங்கிலம். கவுன்டரில் பேசுவது கன்னடம். நடுவில் நான். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு உருப்படியான ஒரே பயன் இதுதான் என்பார் என் கணவர்.

இந்த வேலையில் பலவகை டாக்டர்களின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாகிவிட்டது. பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது காகிதம்: ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. நரம்பியல் மருத்துவர்கள் மட்டும் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்கிறார்கள். முழங்காலைத் தட்டிப் பார்க்கும் அந்தச் சின்னச் சுத்தியல் வெளியே வருவதற்கே கால்மணி நேரமாகிறது. இது டாக்டரின் நல்ல சுபாவத்தால் மட்டும் வருவதல்ல. தொழிலின் கட்டாயம். வலிப்பு வரும் நோயாளி டாக்டரின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வலிப்பில் இருப்பதில்லை. அவருடைய ஸ்கேன் பல சமயம் சுத்தமாக இருக்கும். மிஞ்சுவது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் வார்த்தைகள்தான்.

2016-ல் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருந்தது என் தங்கை. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மடியில் ஏழு மாதப் பையன்.

அவர்கள் பெங்களூர் வரைக்கும் வந்து சேர்ந்ததே ஒரு கதை. தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் வீசி, ஒரு நொடி விறைப்பான். பிறகு சரியாகிவிடுவான். சில விநாடிகள் கழித்து மறுபடியும். இப்படிப் பத்து, இருபது தடவை. முடிந்ததும் அழுகை. உரம் விழுந்திருக்கிறது என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். உரம் எடுக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி பழைய புடவையில் குழந்தையைப் போட்டு உருட்டிப் பார்த்தார். அடுத்து, பக்கத்து ஊர் டாக்டர் வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பார்க்கிற யாருக்கும் அது வயிற்றுவலி போலத்தான் இருக்கும். இப்படி ஆறு வாரம் போயிற்று. நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோது, தங்கையின் மாமனாருக்குச் சங்கடம். "பச்சைக் குழந்தைக்கு எதுக்கு நரம்பு டாக்டர்?" என்றார். பேருந்து நிலையச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சி விளம்பரங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல் வேறு எங்கோ போகிறது. தமிழில் நரம்பு என்றால் வீணையின் தந்தி, கையில் புடைக்கும் ரத்தக்குழாய், நெர்வ் எல்லாம்தான். மூளைக்கும் நரம்பு டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சாயங்காலம் முழுக்க ஃபோனில் விளக்கினேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. தாய்மொழி கன்னடம், தமிழ் பாதி புரியும், கால்வாசி பேசுவார். நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு நிபந்தனை போட்டார். "ஃபிட்ஸ், சீஷர் என்றெல்லாம் நீங்களாக மாற்றிச் சொல்லாதீர்கள். அம்மா என்ன வார்த்தை சொல்கிறாரோ அதை மட்டும் சொல்லுங்கள். அவன் என்ன செய்தான் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

தங்கை சொன்னாள்: "தூங்கி எந்திரிச்சதும் கும்பிடறான்."

"சாமி கும்பிடறான்னு நாங்ககூட சிரிச்சுக்கிட்டிருந்தோம்" என்றார் மாமியார்.

கும்பிடுகிறான் என்பதை நான் அப்படியே சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு வந்தவை கேள்விகள் மட்டும். எழும்போதா, தூங்கப் போகும்போதா? ஒன்றா, வரிசையாகவா? இரண்டு கையும் ஒரே மாதிரி வருகிறதா? தலை முன்னாலா, பின்னாலா? கடைசியாக ஒன்று: "முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது நிறுத்திவிட்டானா?"

தங்கை யோசித்தாள். "சிரிச்சுக்கிட்டு இருந்தான். இப்பச் சிரிக்கறதில்லீங்க."

அவள் கணவரின் மொபைலில் நாற்பது நொடி வீடியோ ஒன்று இருந்தது. டாக்டர் அதை மூன்று தடவை பார்த்தார். ஈ.ஈ.ஜி.க்கு எழுதினார், ஆனால் அது உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும்தான் என்றார்.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவரும் ஒரு தகப்பன்தான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1841-ல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் மருத்துவராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தன் சொந்த மகனுக்கு வரும் விநோதமான தலைகுனிவை விவரித்து, யாருக்காவது வைத்தியம் தெரியுமா என்று 'லான்செட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் இருக்கும் பெயர் 'சலாம் வலிப்பு'. லண்டன் டாக்டருக்குச் சலாமாகத் தெரிந்தது, பென்னாகரத்துக் கிழவிக்குக் கும்பிடாகத் தெரிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான். இன்று அதற்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இதற்குக் கேட்கும் என்று தெரியவந்தது 1958-ல். வெஸ்ட் கடிதம் எழுதி 117 வருடம் கழித்து.

வைத்தியம் இருக்கும் நோயில் நாள் தவறுவது கொடுமை. மற்ற வலிப்புகளைப் போல வெட்டி இழுத்து, நுரை தள்ளிப் பயமுறுத்தாது என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு நொடிக்கு இடையிலும் மூளையில் மின்சாரக் கலவரம் நடந்துகொண்டே இருக்கிறது. ஈ.ஈ.ஜி. காகிதத்தில் கோடுகள் கடல் கொந்தளித்த மாதிரி இருந்தன. அந்தக் கலவரம் ஓயாதவரை குழந்தை புதிதாக எதையும் கற்காது, கற்றதையும் விட்டுவிடும். சிரிப்பு நின்றது அதனால்தான்.

ஊசிக்குப் பதில் ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் இரண்டு வாரம் கொடுத்து, பிறகு மெல்லக் குறைப்பது என்று முடிவாயிற்று. ஸ்டீராய்டு என்றதும் தங்கையின் கணவர் முகம் மாறியது. கெட்ட மருந்து என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். டாக்டர் மறுக்கவில்லை. முகம் ஊதும், அகோரப் பசி எடுக்கும், ராத்திரி தூங்க விடமாட்டான், ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கூட்டத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது, என்னைக் கேட்காமல் தடுப்பூசி போடக் கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதைவிட அந்தக் கும்பிடு கெட்டது" என்றார். ஒன்பதாம் நாள் கும்பிடு நின்றது. கண்ணால் பார்த்து நின்றது போதாது, கலவரமும் அடங்கியிருக்க வேண்டும் என்று மறுபடி ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். அடங்கியிருந்தது.

இதற்குள் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் வடு. பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். பையன் பிறந்தபோது எடை இரண்டு கிலோ நூறு கிராம். இப்படி எடை குறைந்த குழந்தைகளின் உடம்பில் சேமிப்பு கிடையாது. பால் சரியாக இறங்காவிட்டால் சர்க்கரை சரிந்துவிடும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும் சமாச்சாரம். தெரியாவிட்டால், குழந்தை வெறுமனே தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

"ரெண்டாம் நாள் பூரா தூங்கினான். நல்ல புள்ளை, அழுகவே மாட்டேங்கறான்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் தங்கை. மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் மாமியாரிடம் நேரடியாகத் தன் கால்வாசித் தமிழில் பேசினார். "பாட்டி, இவங்க தப்பு இல்லை. பால் இல்லைன்னு இல்லை. குழந்தை சின்னது, இழுக்கப் பலம் இல்லை. யார் தப்பும் இல்லை." நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதாத இந்த வாக்கியம்தான் அன்றைய வைத்தியத்திலேயே பெரியது என்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

என் தொழிலுக்குச் சோதனை வந்தது அடுத்த வாக்கியத்தில். 'டெவலப்மென்டல் டிலே' என்றார் டாக்டர். பாடப்புத்தகத் தமிழில் வளர்ச்சித் தாமதம். அதை நான் சொல்வதற்குள் அவரே கையைக் காட்டினார். "தாமதம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ரயில் தாமதம் என்றால், எப்படியும் வந்துவிடும் என்று காத்திருப்பார்கள். சில விஷயம் தாமதமாக வரும். சில விஷயம் வராமலும் போகலாம். எது எது என்று இன்று எனக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்." இதை வரி வரியாகச் சொன்னேன். தங்கை அழவில்லை. "வராமப் போனாலும் வலிப்பு வராதில்ல?" என்றாள். அதற்கும் உத்தரவாதமில்லை என்று பதில் வந்தது. அவனுக்கு இரண்டரை வயதில் வேறு வகை வலிப்பு வந்து, வேறு மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது.

சொற்களைப் பற்றி இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். மூளைக்காய்ச்சல், பக்கவாதம் போன்றவற்றுக்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. வளர்ச்சிக் கோளாறுகளுக்கு நாம் ஆக்கிவைத்திருப்பவை குழந்தையைத் திட்டுவது போல இருக்கின்றன. ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்று எழுதுகிறோம். எந்தத் தாயிடம் போய் 'உன் பையனுக்கு மதி இறுகிவிட்டது' என்று சொல்வது? ஆட்டிசம் என்ற சொல் எங்கள் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. அதுவே இருக்கட்டும். வலிப்புக்கு முன்னால் காக்காயை ஒட்டவைத்தவர் யாரோ, அவரையும் மன்னிக்க எனக்கு மனமில்லை.

பையனின் கண்ணில் கோளாறு என்று வீட்டில் நினைத்தார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை, கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்புகிறான். கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். இந்த முடிச்சையும் அவிழ்த்தவர் நரம்பியல் டாக்டர்தான். படம் கண்ணுக்குள் ஒழுங்காகத்தான் விழுகிறது, அதைப் படித்துச் சொல்லும் பின்மூளையில்தான் வடு என்றார். கலகலவென்று பத்துப் பொம்மையைத் தொங்கவிட்டால் அவனுக்கு எதுவுமே தெரியாது. கறுப்புத் துணி விரித்து, அதன் மேல் ஒரே ஒரு சிவப்புக் கிண்ணம். அவன் பார்க்கும்வரை பொறுமை. பேசிக்கொண்டே காட்டக் கூடாது. காட்டு, பிறகு பேசு. தங்கை தன் கறுப்புப் பாவாடை ஒன்றை வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். நான்கு மாதம் கழித்து அவன் அந்தக் கிண்ணத்தை எட்டிப் பிடித்த வீடியோ என் ஃபோனில் இன்னும் இருக்கிறது.

காத்திருக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து எட்டு ஒன்பது வருடத்தில் நான் கற்றது, நரம்பியல் என்பது தீராத நோய்களின் துறை என்ற பேச்சு பாதி உண்மை என்பதே. உலகத்தில் வலிப்பு நோயுள்ளவர்கள் சுமார் ஐந்து கோடிப் பேர். சரியான மருந்து கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைசூர், மண்டியா பக்கம் கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பதால் மட்டும் வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நீரின் சூட்டைக் குறைத்தாலே போதும். போதாவிட்டால் தலைக்குக் குளிக்கும் நாளில் குளியலுக்கு முன் ஒரு மாத்திரை. ஆனால் 'எப்போது வந்தது?' என்று கேட்காத டாக்டருக்கு இது தெரியவே வராது. பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் எளந்தூர் என்ற கர்நாடகக் கிராமப்புறத்தில் வருடக்கணக்கில் வேலை செய்து, ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் போன்ற பழைய, மலிவான மாத்திரைகளை வைத்தே கிராமத்து வலிப்பு நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். 2001-ல் அது 'லான்செட்'டில் வெளிவந்தது. முதல் மருந்து 1912-லிருந்தும், இரண்டாவது 1938-லிருந்தும் வலிப்புக்குப் பயன்பட்டு வருபவை.

மாத்திரை தீர்க்காததும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் வந்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் வைத்துத் திருமணத்துக்குத் தடையாக்கியிருந்தது. அந்த ஒரு சொல்லை நீக்க 1999 ஆக வேண்டியிருந்தது. சட்டத்திலிருந்து போனது வரன் பார்க்கும் திண்ணைகளிலிருந்து இன்னும் போகவில்லை. கல்யாணமாகாத பெண்களின் மருந்துச் சீட்டைத் தாய்மார்கள் பர்சுக்குள் நான்காக மடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டில் நரம்பியல் மருத்துவர்கள் குறைவு. இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். பென்னாகரத்திலிருந்து பெங்களூர் வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். எங்கள் டாக்டர் இதை உணர்ந்தவர். மாதாமாதம் இங்கே வராதீர்கள் என்றார். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைகளில் இளம் குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'பிசியோதெரபி கொடுக்கவும்' என்று ஒற்றை வரி இல்லை. எப்படி உட்கார வைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து ஊட்டுவது, எதை இப்போது முயற்சிக்க வேண்டாம் என்று ஒரு முழுப் பக்கம். ஊனச் சான்றிதழ் வாங்கச் சொன்னவரும் அவர்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியிருக்கிறது, வாங்கிவைத்தால் பின்னால் உதவும் என்றார். சான்றிதழ் என்ற சொல்லுக்கு மாமனார் ஒரு வருடம் முரண்டு பிடித்தார்.

பையனுக்கு நான்கு வயதானபோது அந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. இன்னொரு நகரத்தில், ஸ்டெம் செல் ஏற்றினால் குழந்தை பேசும், ஓடும் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். செலவு பல லட்சம். வண்ண வண்ணப் புத்தகம், குணமான குழந்தைகளின் படங்கள். இரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு விலை பேசியாகிவிட்டது. முன்பணம் வாங்குவது மட்டும் பாக்கி. எனக்குச் சொல்லாமல் செய்யப் பார்த்தார்கள். தங்கைதான் ராத்திரி ஃபோன் செய்தாள்.

அவர்களை மறுபடி அந்த மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன். டாக்டர் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் போன்ற சில ரத்த நோய்களுக்கு மட்டும்தான் ஸ்டெம் செல் வைத்தியம் நிரூபணமானது, வளர்ச்சிக் கோளாறுகளுக்கு அல்ல என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிமுறை அதைத்தான் சொல்கிறது: மற்ற நோய்களுக்கு அது ஆராய்ச்சி, அதற்குக் காசு வாங்கக் கூடாது. பிறகு மாமனாரைப் பார்த்து, "தோட்டத்தில் என்ன மாம்பழம்?" என்று கேட்டார்.

"பெங்களூரா. கொஞ்சம் நீலம்."

"அதை விற்காதீர்கள். நீங்களும் நானும் போன பிறகு இவனுக்கு அது இருக்கும்."

மாமனார் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக அவர் எந்த டாக்டரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "அப்ப இவன் பேசவே மாட்டானுங்களா?" பேசலாம், கொஞ்சம் பேசலாம், உங்கள் பேச்சைப் புரிந்துகொள்வது இன்னும் கூடுதலாக வரும் என்றார் டாக்டர். தோப்பு விற்கப்படவில்லை.

பையனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வயதில் நடந்தான். முப்பது நாற்பது வார்த்தை சொல்வான். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வாரத்தில் சில நாள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாது. குரல் கேட்டால் 'பெரிம்மா' என்று பாய்வான். மாந்தோப்பில் தாத்தாவோடு சுற்றுவான். தினம் இரண்டு வேளை மாத்திரை. மருந்து தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கிவைப்பது தாத்தாவின் பொறுப்பு. காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்துவைக்கிறார்.

தங்கை எட்டாம் வகுப்புவரை படித்தவள். சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தை எதாவது வித்தியாசமாகத் துள்ளினால், இப்போது அவளிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எழும்போதா, தூங்கும்போதா, ஒன்றா, வரிசையாவா, சிரிக்கிறதை நிறுத்திட்டானா என்று கேட்கிறாள். வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புகிறாள்; நான் டாக்டருக்கு அனுப்புகிறேன். இதுவரை மூன்று. முதலாவது வெறும் திடுக்கிடல். இரண்டாவது, பால் எதுக்களிப்பு. மூன்றாவது வந்தபோது இரவு பத்து மணி இருக்கும். ஐந்து மாதப் பெண் குழந்தை. தொடங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கால்மணி நேரத்தில் பதில் வந்தது: "நாளைக்கே கூட்டி வாருங்கள்." முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள்.